பெட்டி வேறு, பண்டம் வேறு: ஒரு காணொளிக் கோப்பின் உள்ளே

எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டங்களைப் பதிவு செய்து பகிரும் வேலை சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் வட்டத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் அழைத்தார். "தம்பி, நீங்க அனுப்பின வீடியோ எங்க வீட்டு டிவில படம் வருது, சத்தம் வரல. எம்பி4-ஆ மாத்திக் குடுத்துடுங்களேன்" என்றார். அழைப்பதற்கு முன்பே அவர் இரண்டு வைத்தியம் பார்த்திருந்தார். கோப்பின் பெயரில் கடைசியாக இருந்த எம்கேவி என்ற மூன்றெழுத்தை அழித்துவிட்டு எம்பி4 என்று தட்டச்சு செய்தது ஒன்று. பேரன் இறக்கிக் கொடுத்த ஏதோ ஒரு 'கன்வெர்ட்டரில்' கோப்பைப் போட்டு, மடிக்கணினியின் விசிறி மூன்று மணி நேரம் இரைந்த பிறகு, பேச்சாளரின் முகத்தில் மெழுகு பூசியது போன்ற ஒரு கோப்பைப் பெற்றது மற்றொன்று.

அந்தக் கோப்பின் படத்தில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. அதிலிருந்த ஒலி எழுதப்பட்ட முறையை அவருடைய தொலைக்காட்சி அறிந்திருக்கவில்லை, அவ்வளவுதான். ஒலியை மட்டும் வேறு முறையில் எழுதி, படத்தைத் தொடாமல் அப்படியே எடுத்து வேறொரு பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு இந்த வேலை இரண்டு நிமிடம்கூடப் பிடிக்கவில்லை.

'கன்வெர்ட் செய்வது' என்று நாம் பொதுவாகச் சொல்லும் ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு செயல்கள் ஒளிந்திருக்கின்றன: பெயரை மாற்றுவது, பெட்டியை மாற்றுவது, உள்ளே இருக்கும் பண்டத்தையே மறுபடி சமைப்பது. முதலாவது எதையும் மாற்றாது. இரண்டாவது சில நொடிகளில் முடியும், தரம் இம்மியும் குறையாது. மூன்றாவது மணிக்கணக்கில் ஓடும், தரம் சற்றேனும் குறையும். எந்தச் சிக்கலுக்கு எது மருந்து என்று அறிய, காணொளிக் கோப்பு ஒன்றின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தாக வேண்டும். அதைத் திறந்து பார்க்க உதவும் கருவிகளில் மிகச் சிறந்தவை கட்டற்ற மென்பொருள்களாகவே இருப்பது நம் நல்ல காலம்.

தூக்குச்சட்டியும் சாப்பாடும்

அடுக்குத் தூக்குச்சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடுக்கில் சோறு, ஓர் அடுக்கில் குழம்பு, ஓர் அடுக்கில் பொரியல். தூக்கு எவர்சில்வரா பித்தளையா என்பதை வைத்து உள்ளே இருப்பது சாம்பாரா வத்தக்குழம்பா என்று சொல்லிவிட முடியாது. எம்பி4, எம்கேவி, வெப்எம், ஏவிஐ ஆகியவை தூக்குகளின் பெயர்கள். இவற்றைக் கன்டெய்னர் என்பார்கள். அதாவது படம், ஒலி, வசன வரிகள் ஆகியவற்றை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கும் பெட்டி. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் ஓடை என்று சொல்லலாம்: ஒரு பட ஓடை, ஒன்றோ பலவோ ஒலி ஓடைகள், விரும்பினால் வசன வரிகளுக்கான ஓடை. மத்ரோஷ்கா என்னும் ரஷ்யப் பொம்மை, ஒன்றைத் திறந்தால் உள்ளே இன்னொன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எம்கேவியின் முழுப் பெயரான மட்ரோஸ்கா அந்தப் பொம்மையின் பெயரிலிருந்து வந்தது. பெட்டி என்பதை இதைவிடப் பொருத்தமாகச் சொல்லும் பெயர் வேறு இல்லை.

உவமை ஓரிடத்தில் இடறும். தூக்கில் சோறு தனியாகவும் குழம்பு தனியாகவும் அடுக்கடுக்காக இருக்கின்றன. கோப்பிலோ படம் கொஞ்சம், ஒலி கொஞ்சம், மறுபடி படம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைக்கப்பட்டிருக்கும். இல்லையென்றால் ஓட்டும் மென்பொருள் பேச்சாளரின் வாயசைவை ஓரிடத்திலும் குரலைக் கோப்பின் மறுகோடியிலும் தேடி ஓட வேண்டியிருக்கும். ஒவ்வொரு துண்டின் மீதும் எந்த நேரத்தில் காட்ட வேண்டும் என்ற நேர முத்திரையும் குத்தப்பட்டிருக்கும். வாயசைவும் குரலும் பொருந்தாமல் போகும் கோப்புகளில் பெரும்பாலும் பழுதாகி இருப்பது இந்த முத்திரைதான்.

பெட்டிக்கு ஒரு பொருளடக்கப் பட்டியலும் உண்டு. எந்தத் துண்டு கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை அது. சாதாரண எம்பி4 கோப்பில் இந்த அட்டவணை, பதிவு முழுவதும் முடிந்த பிறகே எழுதப்படுகிறது. இதை நான் கற்றுக்கொண்ட விதம் இனிமையானதன்று. ஒரு கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் மின்சாரம் போனது. மேசைக் கணினி அணைந்தது. ஒன்றே முக்கால் மணி நேரப் பதிவு வன்வட்டில் ஒன்றரை ஜிபி அளவுக்குக் கிடந்தது, ஆனால் எந்த மென்பொருளும் அதை ஓட்ட மறுத்தது. பண்டமெல்லாம் உள்ளே இருக்கிறது, அட்டவணைதான் இல்லை. எம்கேவி பெட்டியோ கையோடு கையாகத் தன் குறிப்புகளை எழுதிக்கொண்டே போவதால், பாதியில் நின்றாலும் அதுவரை பதிவானது கிடைக்கும். ஓபிஎஸ் ஸ்டுடியோ போன்ற பதிவு மென்பொருள்களை எம்கேவியில் பதிவு செய்யும்படி வைத்துக்கொண்டு, முடிந்த பிறகு எம்பி4 பெட்டிக்கு மாற்றிக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நம் ஊர் மின்சாரத்தை நம்பிப் பதிவு செய்பவர்களுக்கு இந்த ஒரு செய்தியே இந்தக் கட்டுரையைப் படித்ததற்கான கூலி.

கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகள் டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மட்டுமே. உப்பு டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டினால் காபி இனிக்காது. வி.எல்.சி போன்ற மென்பொருள்கள் சீட்டைப் பெரிதாக மதிக்காமல் உள்ளே இருப்பதை முகர்ந்து பார்த்தே ஓட்டுகின்றன. அதனால்தான் பெயரை மாற்றியவர்களுக்குச் சில வேளைகளில் 'மாற்றம் பலித்துவிட்டது' என்ற பிரமை ஏற்படுகிறது.

இதுவரை சொன்னதன் சாரம் இது: எம்பி4 என்பது பெட்டியின் பெயர். 'எம்பி4-இல் வேண்டும்' என்று கேட்பது, 'பித்தளைத் தூக்கில் சாப்பாடு வேண்டும்' என்று கேட்பதற்குச் சமம். சாப்பாடு எது என்பது இன்னும் சொல்லப்படவில்லை.

சுருக்காமல் விட்டால் என்ன ஆகும்?

காணொளி என்பது வேகமாக மாறும் நிழற்படங்களின் வரிசை. அந்த நிழற்படம் ஒவ்வொன்றும் ஒரு சட்டகம். இன்று பரவலாக உள்ள முழு எச்டி அளவில் ஒரு சட்டகத்துக்கு 1920 பத்திகளும் 1080 வரிசைகளும் உண்டு. பெருக்கினால் 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், எண்ணுக்கு ஒரு பைட். ஆக ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 62 லட்சம் பைட். நொடிக்கு 25 சட்டகம் என்றால் ஒரு நொடிக்கு 15 கோடியே 55 லட்சம் பைட். எங்கள் இரண்டு மணி நேரக் கூட்டத்தை இப்படியே எழுதி வைத்தால் 1.1 டெராபைட் ஆகும். நான் உண்மையில் பகிரும் கோப்பு 1.35 ஜிபி. எண்ணூறு பங்கில் ஒரு பங்கு!

இந்தச் சுருக்கத்தைச் செய்வது கோடெக். குறியாக்குபவர், குறியை நீக்குபவர் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் தலைகளை ஒட்டவைத்து உண்டாக்கிய பெயர் அது. படத்தையோ ஒலியையோ சுருக்கி எழுதவும், எழுதியதை மறுபடி விரித்துக் காட்டவும் வகுக்கப்பட்ட முறை என்று கோடெக்கைப் புரிந்துகொள்ளலாம். எச்.264, விபி9, ஏவி1 ஆகியவை படத்துக்கானவை. எம்பி3, ஏஏசி, ஓபஸ், ஃபிளாக் ஆகியவை ஒலிக்கானவை. தூக்குக்குள் இருக்கும் சாப்பாடு இதுதான்.

கோலப் புள்ளிக் கணக்கு

வார இதழ்களில் மார்கழிக் கோலம் வெளியாகும்போது அடியில் ஒரு குறிப்பு இருக்கும்: '15 புள்ளி, இடைப்புள்ளி, 8-இல் நிறுத்தவும்.' கோலம் போடத் தெரிந்தவருக்கு இது போதும். நடுவரிசையில் 15 வைத்து, மேலும் கீழும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் 8-இல் நிறுத்துவார். எண்ணிப் பார்த்தால் வாசலில் 169 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளியின் இடத்தையும் தனித்தனியே சொல்லியிருந்தால் பக்கம் போதாது. இரண்டு எண்களும் ஒரு சொல்லும் 169 புள்ளிகளைத் துளி பிசகாமல் திரும்பக் கொடுத்துவிடுகின்றன.

கோடெக் செய்யும் முதல் வகைச் சுருக்கம் இதுவே. பண்டத்தில் உள்ள ஒழுங்கைக் கண்டுபிடித்து, பண்டத்துக்குப் பதிலாக ஒழுங்கை எழுதி வைப்பது. விரிக்கும்போது மூலம் அப்படியே திரும்பக் கிடைத்துவிடுவதால் இதற்கு இழப்பற்ற சுருக்கம் என்று பெயர். ஒலிக்கு ஃபிளாக் இப்படிப்பட்ட கோடெக். பாட்டியின் தாலாட்டையோ வாழ்ந்து முடித்த ஒரு கூத்துக் கலைஞரின் குரலையோ ஆவணமாகப் பாதுகாப்பவர்கள் ஃபிளாக்கில் வைப்பது நல்லது. ஆனால் இந்த வழியில் இசையும் பேச்சும் ஏறத்தாழ பாதி அளவுக்குத்தான் குறையும். எண்ணூறில் ஒரு பங்கு என்பதற்கு இது எட்டவே எட்டாது. எதையாவது தூக்கி எறிந்தால்தான் அங்கே போய்ச் சேர முடியும்.

கெட்டிமேளம் மறைக்கும் தும்மல்

தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டச் சொல்வது ஏன் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், அந்த நொடியில் யாராவது தும்மினாலோ அபசகுனமாக ஏதும் பேசினாலோ காதில் விழக்கூடாது என்பார்கள். தவிலும் நாகசுரமும் உச்சத்தில் ஒலிக்கும்போது பக்கத்திலிருப்பவரின் தும்மல் காற்றில் இருக்கிறது, நம் காதுக்குள்ளும் நுழைகிறது, ஆனால் கேட்பதில்லை. இரைச்சலான ஒலி, தனக்கு நெருங்கிய சுருதியில் உள்ள மெல்லிய ஒலிகளை மறைத்துவிடும். அறிவியலார் இதற்கு ஒலிமறைப்பு என்று பெயரிட்டு அளந்திருக்கிறார்கள்.

எம்பி3-யும் அதன் பின் வந்த ஏஏசி, ஓபஸ் போன்றவையும் இந்த உண்மையின் மேல் கட்டப்பட்டவை. எப்படியும் கேட்காத தும்மலை எதற்கு எழுதி வைக்க வேண்டும்? ஒலியைச் சிறு சிறு நேரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தச் சுருதிகள் ஓங்கியிருக்கின்றன, அவற்றின் நிழலில் எவை மறைகின்றன என்று கணக்கிட்டு, மறைபவற்றைக் குறைந்த துல்லியத்தோடு எழுதுகிறார்கள் அல்லது விட்டுவிடுகிறார்கள். எறிந்தது திரும்பக் கிடைக்காது என்பதால் இது இழப்புள்ள சுருக்கம்.

எவ்வளவு எறியலாம் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணுக்குப் பிட்ரேட் என்று பெயர். ஒரு நொடிக்கு எத்தனை பிட் செலவிடப்படுகிறது என்பதுதான் அது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,76,400 பைட் எடுக்கும். இரண்டு மணி நேரத்துக்கு 1.27 ஜிபி. அதே இரண்டு மணி நேரப் பேச்சை ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 32 கிலோபிட் பிட்ரேட்டில் ஓபஸில் எழுதினால் 28.8 எம்பி ஆகும். பேச்சாளர் இருமியதுகூடத் தெளிவாகக் கேட்கும். அதே 32 கிலோபிட்டில் எம்பி3 எழுதினால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு முறைகளுக்கு இடையே இந்த வேறுபாடு இயல்பே. ஓபஸ் 2012-இல் திறந்த தரமாக வெளியானது.

நகராத கரும்பலகை

படத்துக்கு வருவோம். இங்கே எறிவதற்கு மூன்று இடங்கள் உண்டு.

முதலாவது நிறம். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மழுங்கலாகவும் பார்க்கிறது. ஆகவே கோடெக் சிவப்பு, பச்சை, நீலம் என்ற கணக்கை விட்டுவிட்டு, வெளிச்சம் ஒன்று, நிறம் இரண்டு என்று கணக்கை மாற்றி எழுதுகிறது. வெளிச்சத்தைப் புள்ளிக்குப் புள்ளி வைத்துக்கொண்டு, நிறத்தை நான்கு புள்ளிகளுக்குப் பொதுவாக வைக்கிறது. நான்கு புள்ளிக்கு 12 எண்கள் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 6. சுருக்கம் தொடங்கும் முன்பே பாதி போய்விட்டது. நாம் பார்க்கும் காணொளிகளில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன, யாரும் குறை சொன்னதில்லை.

இரண்டாவது, ஒரே சட்டகத்துக்குள் இருக்கும் நுணுக்கம். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவான மாற்றங்களையும் சடசடவென மாறும் நுண்ணிய மாற்றங்களையும் கணிதத்தால் பிரித்தெடுக்கிறார்கள். மெதுவானவற்றைத் துல்லியமாகவும், நுண்ணியவற்றைச் சில்லறையைத் தள்ளிவிட்டு முழு ரூபாயாகக் கணக்கெழுதுவதுபோல் தோராயமாகவும் எழுதுகிறார்கள். பட்டுப் புடவையின் நெசவு தெரியாமல் வழவழவென்று ஆவதும், பேச்சாளரின் முகத்தில் மெழுகு பூசியது போலாவதும், மிகையாகப் போனால் படம் சதுரம் சதுரமாக உடைவதும் இந்தச் சில்லறையைத் தள்ளுவதன் விளைவு.

மூன்றாவதுதான் பெரிய அறுவடை. எங்கள் கூட்ட அறையில் பேச்சாளருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அது ஓர் அங்குலமும் நகர்வதில்லை. அதை நொடிக்கு 25 முறை புதிதாக வரைவது வீண். கோடெக் ஒரு சட்டகத்தை முழுமையாக எழுதுகிறது. அடுத்து வரும் சட்டகங்களுக்கு 'முந்தையதைப் போலவே, ஆனால் இந்தக் கட்டம் மட்டும் நான்கு புள்ளி வலப்பக்கம் நகர்ந்தது' என்ற வகையில் மாற்றங்களை மட்டும் எழுதுகிறது. முழுமையாக எழுதப்பட்டதற்கு முதன்மைச் சட்டகம் என்று பெயர். மற்றவையெல்லாம் அதைச் சார்ந்தவை. தனியே எடுத்தால் பொருளற்றவை. காவடியாட்டத்தையோ அடைமழையையோ அதே பிட்ரேட்டில் எழுதினால் படம் உடைவதும், பேச்சரங்கம் தெளிவாக இருப்பதும் இதனால்தான். ஒன்றில் ஒவ்வொரு புள்ளியும் நகர்கிறது. மற்றதில் வாயும் ஒரு கையும் நகர்கின்றன.

புதியவர்களைக் குழப்பும் ஒரு நிகழ்ச்சிக்கு இங்கே விடை இருக்கிறது. மறுகுறியாக்கம் செய்யாமல், அதாவது படத்தை விரித்து மறுபடி எழுதாமல், ஒரு காணொளியை 10 நிமிடம் 3 நொடியிலிருந்து வெட்டச் சொன்னால், சில கருவிகள் 9 நிமிடம் 58 நொடியிலிருந்து வெட்டித் தரும். வேறு சில கருவிகள் சொன்ன இடத்தில் வெட்டிவிட்டு, தொடக்கத்தில் சில நொடிகள் படத்தைச் சாம்பல் கறையாகக் காட்டும். கருவி பழுதில்லை. 'முந்தையதைப் போலவே' என்று தொடங்கும் கடிதத்தை, முந்தைய கடிதம் இல்லாமல் எப்படிப் படிப்பது? அதனால் முதன்மைச் சட்டகம் இருக்கும் இடத்துக்குப் பின்வாங்கி வெட்டுவதே அந்தக் கருவியால் முடிந்த நேர்மை.

சற்று நின்று திரும்பிப் பார்க்கலாம். பெட்டி கன்டெய்னர், பண்டம் கோடெக் எழுதியது, கோடெக் ஒழுங்கைக் கண்டுபிடித்தும், கண்ணும் காதும் கவனிக்காதவற்றை எறிந்தும் சுருக்குகிறது, எவ்வளவு எறியலாம் என்று பிட்ரேட் சொல்கிறது.

இலக்கணமும் புலவரும்

எச்.264 என்றும் எக்ஸ்264 என்றும் இரண்டு பெயர்களைப் பார்த்து ஒன்றென்று நினைப்பவர்கள் பலர். எச்.264 என்பது 2003-இல் வெளியான ஒரு தரம். வெண்பாவுக்கான யாப்பிலக்கணம் போன்றது. எது செல்லும் வெண்பா, அதை எப்படிப் படிப்பது என்று இலக்கணம் சொல்லும். எப்படிப் பாடுவது என்று சொல்லாது. எக்ஸ்264 அந்த இலக்கணத்துக்கு உட்பட்டு எழுதும் புலவர். கட்டற்ற மென்பொருளாக எழுதப்பட்ட ஒரு குறியாக்கி. ஒரே இலக்கணத்தில் ஒரே நீளத்தில் இருவர் பாடினாலும் ஒருவர் பாட்டு மற்றவர் பாட்டைவிடச் சிறந்திருப்பதுபோல, ஒரே கோடெக்கில் ஒரே பிட்ரேட்டில் எழுதும் இரண்டு குறியாக்கிகளின் படத்தரம் வேறுபடும். அவசரத்தில் எழுதும் கைபேசிச் சிப்பைவிட, ஆற அமர எழுதும் எக்ஸ்264 பெரும்பாலும் தேவலை.

இந்தப் புலவர்கள் அனைவரையும் ஓர் அவையில் கூட்டி வைத்திருப்பது எஃப்எஃப்எம்பெக். ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சு நிரலாளர் 2000-இல் தொடங்கிய திட்டம் இது. இதற்குப் பொத்தான்களோ சாளரமோ இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி ஆணையைத் தட்டச்சு செய்து இயக்க வேண்டும். அதனால் பயந்து ஒதுங்குபவர்களும் அறியாமலேயே இதைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள்: வி.எல்.சி, காணொளிகளை மாற்றித் தரும் ஹேண்ட்பிரேக், ஓபிஎஸ், காணொளிகளை வெட்டித் தொகுக்கும் கேடென்லைவ் ஆகியவற்றின் உள்ளே இதன் நூலகங்கள் இருக்கின்றன. குரோம் உலாவிக்குள்ளும் இருக்கின்றன. 2021 பிப்ரவரியில் செவ்வாய்க் கோளில் பெர்சிவரன்ஸ் ஊர்தி தரையிறங்கியதைப் படம்பிடித்த கேமராக்களின் கணினியிலும் எஃப்எஃப்எம்பெக் இருந்தது.

பெட்டி மாற்றுவதும் மறுபடி சமைப்பதும்

இப்போது அந்த மூத்த உறுப்பினரின் தொலைக்காட்சிக்குத் திரும்பலாம். கோப்பைக் கையில் எடுத்ததும் முதலில் செய்ய வேண்டியது உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. வி.எல்.சியின் கருவிகள் பட்டியலில் கோடெக் தகவல் என்ற ஒரு வாய்ப்பு உண்டு. மீடியாஇன்ஃபோ என்ற சிறு கட்டற்ற மென்பொருளும் இதற்கென்றே இருக்கிறது. பெட்டி எம்கேவி, பட ஓடை எச்.264, ஒலி ஓடை ஓபஸ் என்று அது காட்டியது. எச்.264 படத்தை ஏறத்தாழ எல்லாத் தொலைக்காட்சிகளும் அறியும். ஓபஸை அவருடையது அறியவில்லை.

படத்தைத் தொடாமல் ஓடையை ஒரு பெட்டியிலிருந்து எடுத்து மற்றொரு பெட்டியில் வைப்பதற்கு ரீமக்ஸ் என்று பெயர். தூக்கிலிருந்து தூக்குக்குச் சோற்றைக் கவிழ்ப்பதுபோல. பிட் மாறாது, தரம் மாறாது, வட்டு எவ்வளவு வேகமாக எழுதுமோ அவ்வளவு வேகத்தில் முடியும். எஃப்எஃப்எம்பெக் ஆணையில் கோடெக் என்ற இடத்தில் 'காப்பி' என்று சொன்னால் அது செய்வது இதைத்தான். படத்துக்குக் காப்பி, ஒலிக்கு ஏஏசி என்று நான் கேட்டேன். ஒலியை மட்டும் விரித்து மறுபடி எழுதிற்று.

விரித்து மறுபடி எழுதுவது மறுகுறியாக்கம். ஜெராக்ஸின் ஜெராக்ஸை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. எழுத்து ஒவ்வொரு தடவையும் சற்றே மங்கும். இழப்புள்ள கோடெக்கில் எழுதியதை மறுபடி இழப்புள்ள கோடெக்கில் எழுதுவதும் அப்படித்தான். 128 கிலோபிட் எம்பி3 கோப்பை 320 கிலோபிட்டுக்கு மாற்றினால் கோப்புதான் பருக்கும், போன சுருதி திரும்பாது. பழைய காணொளியை 4கே-வுக்குப் பெரிதாக்கி எழுதினாலும் கதை இதுவே. செய்திச் செயலிகளில் காணொளியைக் காணொளியாக அனுப்பினால் அவை தம் வசதிக்கு மறுகுறியாக்கம் செய்துவிடும். அதே கோப்பை ஆவணம் என்ற வாய்ப்பில் இணைத்தால் பிட் மாறாமல் போய்ச் சேரும்.

மறுகுறியாக்கம் தேவைப்படும் இடங்களும் உண்டு. ஏற்ற வேண்டிய கோப்பு மிகப் பெரிதாக இருந்தாலோ, படத்தின் மேல் எழுத்தைப் பதிக்க வேண்டியிருந்தாலோ வேறு வழியில்லை. ஹேண்ட்பிரேக் இதற்கு ஏற்ற கருவி. ஆனால் அது படத்தை எப்போதும் மறுகுறியாக்கமே செய்யும், ரீமக்ஸ் செய்யாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். அதில் பிட்ரேட்டைக் கையால் நிர்ணயிக்காமல் தர எண் ஒன்றைக் கொடுப்பது நல்லது. எக்ஸ்264-இல் இந்த எண் 0 முதல் 51 வரை; குறைவாக இருந்தால் தரம் கூடுதல். நிர்ணயிக்காவிட்டால் 23. ஆறு எண் கூட்டினால் கோப்பு ஏறத்தாழ பாதியாகும். கரும்பலகைக்கும் காவடியாட்டத்துக்கும் ஒரே தரம் கிடைக்கும்படி பிட்ரேட்டை அதுவே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். முதலில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் மாற்றி, பார்த்து, பிறகு முழுக் கோப்புக்குப் போவது என் வழக்கம்.

கட்டற்றது என்றால் இலவசமா?

இதிலும் ஒரு குழப்பம் புழங்குகிறது. கட்டற்ற மென்பொருள் என்றால், மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமம் அனுமதிக்கும் மென்பொருள். விலை இல்லாதிருப்பது அதன் பக்க விளைவு. பாரிஸின் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் வளாக வலையமைப்பில் படம் பார்ப்பதற்காகத் தொடங்கியதே வி.எல்.சியின் முன்னோடி, 2001-இல் அதைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட பிறகே உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் கைகொடுத்தார்கள். மாறாக, விலையில்லாமல் கிடைக்கும் பல 'கன்வெர்ட்டர்கள்' கட்டற்றவை அல்ல; உள்ளே என்ன செய்கின்றன என்று யாரும் பார்க்க முடியாது.

மென்பொருளின் உரிமம் வேறு, கோடெக்கின் காப்புரிமை வேறு. எக்ஸ்264-இன் நிரல் கட்டற்றது. ஆனால் அது பின்பற்றும் எச்.264 முறையின் மேல் பல நிறுவனங்களுக்குக் காப்புரிமை உண்டு. புலவர் சுதந்திரமானவர், இலக்கணத்துக்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். எம்பி3-க்கும் இப்படித்தான் இருந்தது. அதன் உரிமத் திட்டம் 2017-இல் முடிவுக்கு வந்தது. இந்தத் தளையிலிருந்து விடுபட 2015-இல் கூகுள், மோசில்லா, நெட்ஃபிளிக்ஸ் முதலியவை கூட்டணி சேர்ந்து, கட்டணமற்ற ஏவி1 கோடெக்கை 2018-இல் வெளியிட்டன. அதன் மேலும் தமக்குப் பங்குண்டு என்று சிலர் உரிமை கோருகிறார்கள் என்பது வேறு வழக்கு. விக்கிமீடியா பொதுவகம் எம்பி4 காணொளிகளை ஏற்காமல் வெப்எம் போன்றவற்றை மட்டும் ஏற்பதற்குக் காரணமும் இந்தக் காப்புரிமைதான். தமிழ் விக்கிப்பீடியாவுக்காகக் கைபேசியில் எடுத்த காணொளியை முதல்முறையாக ஏற்ற முயல்பவர் தடுக்கி விழும் இடம் இது. இங்கே ரீமக்ஸ் உதவாது, ஏனெனில் வெப்எம் பெட்டி விபி8, விபி9, ஏவி1 ஆகியவற்றை மட்டுமே படமாக ஏற்கும். மறுகுறியாக்கம் செய்தே ஆக வேண்டும்.

பகிரும்போது

இணையத்தில் ஓட வேண்டிய எம்பி4 கோப்பின் அட்டவணை கடைசியில் இருந்தால், உலாவி அதைத் தேடிக் கோப்பின் வாலுக்குப் போய் வர வேண்டியிருக்கும். சில இடங்களில் முழுவதும் இறங்கிய பிறகே படம் தொடங்கும். எஃப்எஃப்எம்பெக்கிலும் ஹேண்ட்பிரேக்கிலும் அட்டவணையைத் தலைப்பக்கம் நகர்த்தும் வாய்ப்பு உண்டு. சொந்தத் தளத்தில் காணொளி வைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

பெரிய தளங்கள் ஒரே காணொளியைப் பல பிட்ரேட்களில் எழுதி, ஒவ்வொன்றையும் சில நொடித் துண்டுகளாக நறுக்கி வைக்கின்றன. நம் இணைப்பு தளரும்போது ஓட்டி அடுத்த துண்டைக் குறைந்த பிட்ரேட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பேருந்து ஊருக்கு வெளியே போகும்போது படம் நின்றுவிடாமல் திடீரென்று மங்குவது இதனால்தான். இந்த ஏற்பாட்டைத் தனியார் தளங்கள் இல்லாமலும் அமைக்கலாம்: பிரான்சின் ஃப்ராமசாஃப்ட் சங்கம் உருவாக்கி 2018-இல் முதல் முழுப் பதிப்பை வெளியிட்ட பீர்டியூப் என்ற கட்டற்ற மென்பொருளைத் தன் வழங்கியில் நிறுவிக்கொள்ளும் எவரும் சொந்தமாக ஒரு காணொளித் தளம் நடத்தலாம், அது பிற பீர்டியூப் தளங்களோடு தொடர்பும் வைத்துக்கொள்ளும். ஒரே நேரத்தில் பலர் பார்க்கும்போது, அவர்களுடைய உலாவிகள் தம்மிடம் வந்த துண்டுகளை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்வதால் வழங்கியின் பாரம் குறைகிறது. ஆனால் வட்டும் மின்சாரமும் பராமரிப்பும் நம் செலவு; ஒரு சிறு வாசகர் வட்டத்துக்கு அது தாங்குமா என்று கணக்குப் பார்த்தே இறங்க வேண்டும். நாங்கள் பார்த்தோம், இறங்கவில்லை.

எங்கள் கூட்டத்தின் மூலப் பதிவு எம்கேவியாகவே இரண்டு வன்வட்டுகளில் இருக்கிறது. பகிர்வதற்கு அதிலிருந்து எச்.264-ம் ஏஏசியும் கொண்ட எம்பி4 ஒன்றும், ஒலி மட்டும் கொண்ட ஓபஸ் கோப்பு ஒன்றும் எடுக்கிறேன். 28.8 எம்பி கொண்ட அந்த ஓபஸைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள். தொலைக்காட்சியில் சத்தம் வரவில்லை என்று அழைத்தவரும் இப்போது காலை நடையில் காதுக்கருவி மாட்டிக் கேட்கிறார். அவருடைய கைபேசிக்கு ஓபஸ் தெரியும்.